கூப்பிடு தூரம்

ஒரோபேயிலிருந்து தும்பலுக்கு
வான் கணக்கில் ஆறு கிலோமீட்டர்.
ஏழு நிமிடம். அதில் மூன்று,
பைலட் அரோவா பள்ளத்துக்கு மேல் வட்டமடித்து
உயரம் தேடும் நேரம்.
பதிவேட்டில் அப்படித்தான் எழுதுகிறேன்.
ஓடுபாதைக்கு ஏஜென்ட் நான்:
புல் வெட்டுவேன், பன்றி விரட்டுவேன்,
காலை ஆறரைக்கு ரேடியோவில்
மேகம் எந்த மலையின் இடுப்பில் நிற்கிறது என்று சொல்வேன்,
ஏற வந்தவர்களைத் தராசில் நிறுத்துவேன்.

எங்கள் பேச்சில்
புறாவுக்கும் விமானத்துக்கும் ஒரே பெயர், பாலுஸ்.
புறா எடை கேட்பதில்லை.

கால் கணக்கு வேறு.
இறங்க ஒரு பகல்.
ஆற்றின் மேல் பிரம்புப் பாலம்,
மழை வலுத்தால் பாலத்தின் மேல் ஆறு.
அங்கே ஒரு ராத்திரி.
மறுநாள் முழுக்க ஏற்றம்,
முழங்கால் சம்மதித்தால்.

கண்ணுக்குக் கணக்கே இல்லை.
ஓடுபாதை முனையில் நின்றால்
தும்பலில் என் அக்கா மெங்கேயின் அடுப்புப் புகை தெரியும்.
ஈர விறகா காய்ந்ததா
என்பதுகூடத் தெரியும்.

குரல்தான் சிக்கல்.
நான் கத்தினால் நேரே போய்ச் சேராது.
நடுமேட்டில் வள்ளிக்கொடி நடுகிற யாராவது வாங்கி
தங்கள் வாயால் அந்தப் பக்கம் எறிய வேண்டும்.
காசு கேட்கமாட்டார்கள். ஆனால்
கைமாறிய சொல் கொஞ்சம் தேயும்.

தேய்வதற்கும் எங்களிடம் சொல் இல்லை மூன்று வருஷமாய்.
ஒரு பன்றி. கறுப்பு, காதுமடல் கிழிந்தது.
யாருடையது என்று கேட்காதீர்கள்,
தின்றவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள்.
நான் புகை பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
புகை இல்லை.
புதனும் இல்லை.
வியாழன் விடிந்ததும் தொண்டை கிழியக் கத்தினேன்:
"வருகிறேன்!"

மறுநாள் பாலுஸில் இடமில்லை.
கோரோகா போகிற காப்பி மூட்டைகள்
என்னைவிட முந்தி எடைபோட்டுக் காத்திருந்தன.
அவற்றை நிறுத்தி எழுதியவனே நான்தான்.
ரேடியோவை வாத்தியார் காவியிடம் கொடுத்துவிட்டு
நடந்தேன்.

சனிக்கிழமை காலை, பாலத்தின் நடுவில்,
இரண்டு கையும் பிரம்பில் இருக்க
தலைக்கு மேல் சத்தம்.
தும்பலிலிருந்து ஒரோபேக்கு.
அதன் நிழல் என்மேல் ஏறி
அக்கரைப் பாறையில் மடங்கிப் போயிற்று.
நாலாவது நிமிடம், என்று வாய் தானாகச் சொன்னது.
தொழில் புத்தி.

இருட்டும் நேரம் தும்பல்.
வீட்டுக்கு வெளியே தாழ்.
உள்ளே, மூங்கில் இடுக்கில் பார்த்தால்,
மினுமினுவென்று புது மண்ணெண்ணெய் அடுப்பு.
மருமகன் வாங்கிக் கொடுத்ததாம்.
புகையாதாம்.

பக்கத்து வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்:
"தம்பி 'வா' என்று கூப்பிட்டானாம்.
அழுதுகொண்டே பாலுஸ் ஏறினாள்.
நூல்பையில் ஒரு பன்றிக்குட்டி,
கறுப்பு.
அதையும் தனியாக எடைபோட்டுக் காசு வாங்கினான் இங்குள்ள ஏஜென்ட்."

சரியாகத்தான் செய்திருக்கிறான்.
நானும் வாங்கியிருப்பேன்.

விடிந்ததும் தும்பல் ஓடுபாதையின் முனைக்குப் போனேன்.
இந்தப் பக்கத்திலிருந்து ஒரோபேயை
நான் பார்த்ததே இல்லை. சின்ன ஊர்.
புல் கோணலாய் வெட்டியிருக்கிறது.
என் கூரையில் புகை,
வெள்ளையாய், தடித்து.
ஈர விறகு.
மழையில் போட்டுவிட்டு வந்தது நான்தான்,
இந்நேரம் திட்டிக்கொண்டிருப்பாள்.

பாலுஸ் இனி வெள்ளிக்கிழமை.
நடுமேட்டில் யாரோ குனிந்து கொடி நட்டுக்கொண்டிருந்தார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
"அங்கேயே இரு" என்பது
எப்படிப் போய்ச் சேருமோ.

திரும்பி வந்து
புது அடுப்பைத் தொடாமல்
அக்கா வாசலில்
ஈர விறகாய்ப் பார்த்து அடுக்கினேன்.